மழை பொழியாத மேகம்!

மேகம் என்றால் நமக்கு என்ன பொருள்? கல்வராயன் மலை முகட்டில் அது கருத்துத் திரண்டால் கோமுகி நிரம்பும், மணிமுத்தா நிரம்பும், சங்கராபுரம் வட்டாரத்துக் கிணறுகளில் நீர் ஊறும், கரும்பு நிமிரும், நெற்கதிர் தலை சாயும். உழவன் அண்ணாந்து பார்ப்பது அந்த மேகத்தை. அவன் வாழ்வும் தாழ்வும் அந்த மேகத்தில்.

இப்போது இன்னொரு மேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது வானத்தில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது. “உங்கள் கணக்கு மேகத்தில் இருக்கிறது, உங்கள் படம் மேகத்தில் இருக்கிறது, உலகத்தின் அறிவெல்லாம் மேகத்தில் மிதக்கிறது” என்று கூறுகிறார்கள். கேட்கும்போது இனிக்கிறது. கவிதை போலவும் ஒலிக்கிறது. ஆனால், தோழர்களே, அந்த மேகம் மிதக்கவில்லை, மண்ணில் நிற்கிறது. சன்னல் இல்லாத சுவர், முள்வேலி, வாயிலில் காவலர், உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் இரவும் பகலும் ஓயாமல் ஓடும் இயந்திரங்கள். அதற்குப் பெயர் தரவு மையம், டேட்டா சென்டர். அம்பத்தூரில் நிற்கிறது, சிறுசேரியில் நிற்கிறது, இன்னும் பல இடங்களில் எழும்பிக்கொண்டிருக்கிறது.

வானத்து மேகம் நீரைத் தரும்; இந்த மேகம் நீரைக் குடிக்கும். வானத்து மேகம் மின்னலை வீசும். இந்த மேகம் மின்சாரத்தை விழுங்கும். வானத்து மேகம் ஏழை வயல், பணக்காரன் வயல் என்று பார்ப்பதில்லை. இந்த மேகத்துக்கோ உரிமையாளர் உண்டு, பங்குதாரர் உண்டு, இலாபக் கணக்கு உண்டு.

“அது சென்னையில் நடக்கும் சேதி. சங்கராபுரத்தில் இருக்கும் நமக்கு என்ன?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறவே இந்தத் தலையங்கம்.

சங்கராபுரத்தில் ஒரு தாய் நியாயவிலைக் கடையில் விரலை வைக்கிறாள். 2020 அக்டோபரிலிருந்து தமிழகத்தில் விரல்ரேகை பதிந்துதான் அரிசி தருகிறார்கள். அந்த ரேகை எங்கே போய்ச் சரிபார்க்கப்படுகிறது? தரவு மையத்தில். ஓர் உழவர் இ-சேவை மையத்தில் பட்டா நகல் கேட்கிறார். அந்தப் பட்டா எங்கே இருக்கிறது? தரவு மையத்தில். நூறு நாள் வேலைக்குப் போனவர்களின் வருகை 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து கைப்பேசிச் செயலியில்தான் பதிவாக வேண்டும் என்று டெல்லி கட்டளையிட்டது. அலைவரிசை கிடைக்காத மலையில் மண்வெட்டி பிடித்தவன், உழைப்பு உண்மையாக இருந்தும் வருகை விழாததால், கூலி வருமோ வராதோ என்று கலங்கினான். அவன் வியர்வைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய கணக்கும் தரவு மையத்தில்!

ஆகவே, தோழர்களே, நம் அரிசி அங்கே, நம் நிலம் அங்கே, நம் கூலி அங்கே. நமக்கு என்ன என்று ஒதுங்கி நிற்க முடியாது.

இந்தக் கட்டடங்கள் ஏன் சென்னையைத் தேடி வருகின்றன? கடல்தான் காரணம். உலகத்தின் இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி வானவெளி வழியாகச் செல்வதில்லை. கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகள் வழியாகத்தான் செல்கிறது. 2002-இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பி சென்னைக் கரையில் ஏறியது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வந்தன. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்குச் செல்லும் கம்பியும் சென்னையிலிருந்து இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் துறைமுகம் இருந்த இடத்தில் பண்டகசாலை எழும்பியது. இந்தக் காலத்தில் கம்பி கரையேறும் இடத்தில் தரவு மையம் எழும்புகிறது. வணிகத்தின் விதி ஒன்றுதான். பூம்புகாரும் தொண்டியும் கண்ட தமிழருக்கு இது புரியாத வித்தை அல்ல.

எனவே இந்தியாவில் மும்பைக்கு அடுத்த பெரிய தரவு மைய நகரமாகச் சென்னை வளர்ந்திருக்கிறது. 2021-இல் தமிழக அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. 2022-இல் இந்திய அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில், சாலை, துறைமுகம் போலத் தரவு மையத்தையும் உள்கட்டமைப்பு என்று அறிவித்தது. அதே ஆண்டில் அதானி கூட்டு நிறுவனம் சிறுசேரியில் தன் மையத்தைத் திறந்தது. 2025 ஜூலையில் சிஃபி நிறுவனம் அதே சிறுசேரியில் 1,882 கோடி ரூபாயில் இன்னொன்றைத் திறந்தது. 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஆந்திரத்து விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. போட்டி பலமாக நடக்கிறது!

போட்டிக்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு. கேள்வி கேட்டால் பதில் எழுதும், படம் கேட்டால் வரைந்து தரும் இயந்திர மூளை. அந்த மூளைக்குப் பயிற்சி கொடுக்க ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக உழைக்க வேண்டும். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் நான்கைந்து மட்டும் 2025 என்ற ஒரே ஆண்டில் இதற்காகப் போட்ட முதல் 30,000 கோடி டாலருக்கும் மேல். பல நாடுகளின் வரவுசெலவுத் திட்டம் அந்த அளவுக்கு வராது.

இனி அந்தக் கட்டடத்தின் வயிற்றைப் பார்ப்போம். கணிப்பொறி ஓடினால் சூடேறும். நம் கைப்பேசி சற்று நேரம் ஓடினாலே கை சுடுகிறது. பல்லாயிரம் இயந்திரங்கள் ஒரே அறையில் ஓடினால்? குளிர்விக்காவிட்டால் நிமிடங்களில் நின்றுவிடும். எனவே கணக்குப் போடுவதற்கு ஒரு பங்கு மின்சாரம் என்றால், குளிர்விப்பதற்கும் மற்றச் செலவுக்கும் இன்னொரு அரைப் பங்கு. உலகச் சராசரி ஏறத்தாழ அதுதான். சித்திரை வெயில் கொளுத்தும் சென்னையில் குளிர்விப்பது எளிய வேலையா?

குளிர்விக்க வழி இரண்டு. நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கலாம். அதில் மின்சாரம் மிச்சமாகும், தண்ணீர் போகும். காற்றாலும் குளிர்விப்பு இயந்திரத்தாலும் தணிக்கலாம்; அதில் தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடுதலாகப் போகும். ஒன்றை மிச்சப்படுத்தினால் மற்றொன்று செலவாகும். “தண்ணீரே தேவையில்லை” என்று ஒருவர் பெருமை பேசினால், “மின்சாரம் எவ்வளவு?” என்று கேளுங்கள். “மின்சாரத்தைக் குறைத்துவிட்டோம்” என்று இன்னொருவர் மார் தட்டினால், “தண்ணீர் எவ்வளவு?” என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. 100 மெகாவாட் மின்சாரம் இழுக்கும் ஒரு மையம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 24 லட்சம் யூனிட். மாதத்துக்கு 7 கோடியே 20 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு என்று வைத்துக்கொண்டால், 3 லட்சத்து 60 ஆயிரம் வீடுகளின் மின்சாரம் ஒரு கட்டடத்துக்கு! 5 குதிரைத்திறன் பம்புசெட்டுக் கணக்கில் பார்த்தால், 26 ஆயிரத்துக்கும் அதிகமான பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று வரப்பில் காத்துக் கிடந்த உழவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் உள்ள தரவு மையங்களின் மொத்தத் திறன் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இனி வருபவை ஒவ்வொன்றும் நூறு, இருநூறு என்றே பேசுகின்றன.

உலக அளவிலும் பார்ப்போம். பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: 2024-இல் உலகத் தரவு மையங்கள் செலவழித்த மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட், உலகம் செலவிடும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 2030-இல் அது 94,500 கோடி யூனிட் ஆகலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆறே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்!

ஒன்றரைப் பங்குதானே என்று ஆறுதல் கொள்வோர் அயர்லாந்தைப் பார்க்கட்டும். 60 லட்சம் மக்கள்கூட இல்லாத சிறிய நாடு. ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி வென்ற நாடு என்று நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அங்கே 2015-இல் தரவு மையங்கள் எடுத்துக்கொண்ட மின்சாரம் நூற்றுக்கு 5 பங்கு. 2023-இல் 21 பங்கு. அந்த நாட்டு நகர வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது 18 பங்குதான். விருந்தாளிக்கு இலை போட்டார்கள். வீட்டாரைவிட விருந்தாளி அதிகம் உண்கிறார்! அதன் பிறகே விழித்துக்கொண்டார்கள். 2021 நவம்பரில் அந்நாட்டு மின் ஒழுங்குமுறை ஆணையம், புதிதாக இணைப்புக் கேட்கும் மையங்கள் எங்கே அமைகின்றன, தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்ய முடியுமா என்றெல்லாம் பார்த்துத்தான் இணைப்புத் தர வேண்டும் என்று கூறியது.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். முதலாளிகளை வரவேற்பதில் அந்த நாட்டுக்கு ஈடு உண்டா? அந்தச் சிங்கப்பூரே 2019-இல் புதிய தரவு மையங்களுக்குக் கதவடைத்தது. 2022-இல்தான் மீண்டும் திறந்தது; அதுவும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்போருக்கு மட்டும், அளந்து அளந்து. சிங்கப்பூரில் இடம் கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனார்கள். ஜொகூர் மாநிலமும் 2024-இல், தண்ணீரும் மின்சாரமும் தாங்காது என்று, வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதைத் தள்ளிவிட்டது. தள்ளியதால் ஜொகூர் கெட்டுப்போகவில்லை. தகுந்தவர்கள் வரத்தான் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே கூகுள் தரவு மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தி ஏடு கேட்டது. ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? “அது வணிக இரகசியம்” என்று சொல்லி, கேட்ட ஏட்டின்மீதே வழக்குத் தொடுத்தது! ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து, 2022 டிசம்பரில் இறங்கி வந்தது. வெளிவந்த கணக்கு: 2021-இல் அந்த ஊர் செலவழித்த தண்ணீரில் கால் பங்குக்கும் அதிகம் அந்த ஒரே நிறுவனத்துக்கு. ஊரார் குடிக்கும் தண்ணீர், ஊரார் வரிப்பணத்தில் நடக்கும் நீர் வாரியம்; ஆனால் கணக்கு மட்டும் ஊராருக்குத் தெரியக் கூடாதாம்! இதுவா மக்களாட்சி?

தென் அமெரிக்காவின் உருகுவேயில் 2023-இல் கடும் வறட்சி. தலைநகரின் குழாயில் உப்புக் கரிக்கும் நீர் வந்தது. அந்த நேரத்தில் அங்கே தரவு மையத் திட்டம் பேசப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். சிலி நாட்டில் 2024-இல் நீதிமன்றமே தலையிட்டது; நிறுவனம் நீர் குடிக்கும் குளிர்விப்பு முறையை மாற்றிக்கொள்வதாகச் சொல்ல வேண்டி வந்தது. கேட்ட இடத்தில் மாற்றினார்கள். கேட்காத இடத்தில் மாற்றவில்லை. இதுதான் உலகம் நமக்குச் சொல்லும் பாடம்.

நம் கதைக்கு வருவோம். 2019 கோடையை யார் மறந்தார்கள்? சென்னையின் ஏரிகள் வறண்டு வெடித்தன. குடங்கள் வரிசையில் நின்றன. பழைய மாமல்லபுரம் சாலையிலே கணிப்பொறி நிறுவனங்கள் தம் ஊழியரை, “தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்” என்று அனுப்பின. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் இரயில் புறப்பட்டது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். உள்நாட்டு மாவட்டத்தின் நீர்தான் தலைநகரின் தாகம் தணித்தது. கொடுத்தோம். தாகத்துக்குத் தண்ணீர் தர மறுப்பது தமிழர் பண்பு அல்ல. ஆனால் கேட்கிறோம்: மக்களின் தாகத்துக்குத் தந்த நீர் வேறு, இயந்திரத்தின் சூடு தணிக்கக் கேட்கும் நீர் வேறு அல்லவா?

மின்சாரக் கதையும் உண்டு. 2012-இல் இருண்ட மாதங்களை எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. நமக்கு? பத்து மணி நேரத்துக்கும் மேல். அரிசி ஆலை நின்றது, தறி நின்றது, பம்புசெட்டு நின்றது, பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் தேர்வுக்குப் படித்தார்கள். பற்றாக்குறை வந்தால் பாரம் யார் தலையில் இறங்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. நாளை மீண்டும் பற்றாக்குறை வந்தால், ஒரு நொடியும் அணையக் கூடாத அந்தக் கட்டடங்களும், எந்நேரமும் அணைக்கக்கூடிய நம் கிராமங்களும் எதிரெதிரே நின்றால், பொத்தான் யாருக்கு அணையும்? இந்தக் கேள்விக்கு விடையைப் பற்றாக்குறை வருமுன்னரே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நெய்வேலி நமக்குப் புதிய பெயரா? சங்கராபுரமும் நெய்வேலியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், மண்ணைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்தார்கள். உழவர் நிலம் கொடுத்தார்கள். அந்த நெருப்பிலிருந்து பிறந்த மின்சாரம் தென்னகத்து மாநிலங்களுக்கெல்லாம் ஒளி தந்தது. நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நிரந்தர வேலை கேட்டு எத்தனை ஆண்டுகளாகக் குரல் ஒலிக்கிறது! வளர்ச்சிக்கு நாம் விலை கொடுக்கத் தயங்கியவர்கள் அல்லர். ஆனால், விலை நம்முடையது, விளைச்சல் பிறருடையது என்ற ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறோம்.

“வேலை வாய்ப்புப் பெருகுமே!” என்பார்கள். பெருகட்டும், மகிழ்வோம். ஆனால் எவ்வளவு? உலகத்தில் தரவு மையங்கள் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக்குழுவே 2024 டிசம்பரில் கணக்குப் பார்த்துச் சொன்னது: இரண்டரை லட்சம் சதுர அடி கொண்ட ஒரு மையத்தைக் கட்டும்போது உச்சத்தில் 1,500 பேர் வரை வேலை செய்வார்கள், கட்டி முடித்த பின் அங்கே நிலையாக வேலை செய்வோர் ஏறத்தாழ 50 பேர். அவர்களிலும் பாதிப்பேர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அந்த மாநிலம் 2023 நிதியாண்டில் மட்டும் இவர்களுக்காக விட்டுக்கொடுத்த விற்பனை வரி 92 கோடியே 80 லட்சம் டாலர்!

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையை நினைத்துப் பாருங்கள். ஆலைக்குள் வேலை செய்வோர் ஒரு பக்கம். கரும்பு நடுவோர், வெட்டுவோர், வண்டி ஓட்டுவோர், கடை வைத்திருப்போர் என்று ஆலையைச் சுற்றி ஒரு வட்டாரமே பிழைக்கிறது. நிலுவைக்காகப் போராட வேண்டியிருந்தாலும், அந்தப் புகைபோக்கியின் நிழலில் ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. தரவு மையத்துக்கு அப்படி ஒரு சுற்றம் இல்லை. சித்தாளாகவும் கொத்தனாராகவும் நம் தோழர்கள் சென்னைக்குப் போய்க் கட்டித் தருவார்கள். கட்டி முடிந்ததும் வாயிற்கதவு மூடும். அவர்கள் எழுப்பிய சுவருக்குள் அவர்களுக்கே நுழைவுச் சீட்டு இல்லை.

“அப்படியானால் நீங்கள் அறிவியலுக்கு எதிரிகளா?” என்று கேலி பேசக் காத்திருப்போர் உண்டு. அல்லவே அல்ல! மூடநம்பிக்கையை முறியடிக்க அறிவியலை மேடைதோறும் முழங்கிய இயக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூட்டி, கணிப்பொறிக்குத் தமிழ் விசைப்பலகை கண்ட மாநிலம் இது. தரவு மையம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மருத்துவமனைக்கு வேண்டும், வங்கிக்கு வேண்டும், பள்ளிக்கு வேண்டும், புயல் எச்சரிக்கைக்கு வேண்டும். நம் தரவு நம் மண்ணில் இருப்பது, எங்கோ அயல்நாட்டுக் கிடங்கில் கிடப்பதைவிட நல்லது. பணப் பரிமாற்றக் கணக்குகள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதையும் நாம் குறை கூறவில்லை. வருவோரை வரவேற்கிறோம்; ஆனால் வருவோர் இடும் நிபந்தனையில் அல்ல, நாம் இடும் நிபந்தனையில்.

இன்னொன்றும் கூறுவோம். முழுக் கட்டணம் செலுத்தும் பெரிய நுகர்வோர் மின்வாரியத்துக்கு நண்பர்தான். ஆலைகளும் வணிக நிறுவனங்களும் கூடுதல் விலை தருவதால்தான் உழவர் பம்புசெட்டுக்கும் ஏழை வீட்டு விளக்குக்கும் சலுகை தர முடிகிறது. ஆபத்து எங்கே இருக்கிறது? அந்தப் பெரிய நுகர்வோர் வாரியத்தை விட்டுவிட்டுத் தனியாரிடம் நேரே மின்சாரம் வாங்கிக்கொண்டு, வாரியத்தின் கம்பியை மட்டும் பயன்படுத்தி, அதற்குரிய ஈட்டுக் கட்டணத்திலும் தள்ளுபடி கேட்கும்போதுதான். கறவை மாடு அண்டை வீட்டுக்குப் போய்விட்டால், தொழுவத்தைக் கூட்டும் வேலை மட்டும் நமக்கு மிஞ்சும்!

இங்கே உரிமைக் கேள்வி எழுகிறது. அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில். நிலம் மாநிலப் பட்டியலில். மின்சாரம் பொதுப் பட்டியலில். தொலைத்தொடர்போ ஒன்றியப் பட்டியலில். அதாவது, கொடுக்க வேண்டியவை எல்லாம் நம்மிடம். ஆள வேண்டியது டெல்லியிடம்! 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நடத்தும் வாரியத்தை அமைப்பது ஒன்றிய அரசு. எந்த அரசு அமைப்புக்கு விலக்கு என்று அறிவிக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசுக்கே. நம் தாய்மாரின் விரல்ரேகை, நம் உழவரின் பட்டா, நம் பிள்ளைகளின் மதிப்பெண்; இவற்றின் பாதுகாப்பில் மாநிலத்துக்கு ஓர் இருக்கைகூட இல்லை. வீடு நம்முடையது, விளக்கு நம்முடையது, வேலை செய்ய ஆளும் நம்மவர். சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில்!

பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது தென்கொரியா. கணிப்பொறித் துறையில் முன்னணி நாடு. 2025 செப்டம்பர் 26-இல் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசுப் பணிகள் ஒரே இரவில் முடங்கின. அரசு ஊழியர்கள் சேர்த்து வைத்திருந்த கோப்புகளின் பெருங்கிடங்கு ஒன்று, வேறிடத்தில் நகல் இல்லாததால், மீட்க முடியாமல் அழிந்தே போயிற்று. மேகம் எரியுமா என்று கேட்டவர்களுக்கு, எரியும் என்று விடை கிடைத்தது. தாலுகா அலுவலகத்தில் கறையான் அரித்தால் ஒரு கட்டுக் காகிதம் போகும். இங்கே தீப்பிடித்தால் ஒரு நாட்டின் நினைவே போகும்.

கல்வராயன் மலைக்கு ஒரு வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் அந்த மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்தது. 1976-இல் அரசு அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் வரை, உழுதவனுக்கு நிலம் இல்லை, ஓடையருகே வாழ்ந்தவனுக்கு உரிமை இல்லை. மலை மக்களுடையது, மகசூல் ஜாகீர்தாருடையது. அந்த ஜாகீர் ஒழிந்தது. ஆனால், உலகெங்கும் மக்களின் பேச்சும் எழுத்தும் படமும் கணக்கும் குவிந்து, நான்கைந்து நிறுவனங்களின் சொத்தாகின்றன இன்று. விதைத்தவர் நாம், அறுப்பவர் அவர்! இது புதிய ஜாகீர் அல்லாமல் வேறென்ன? நிலத்தின் ஜாகீரைக் கண்டவர்களுக்கு, தரவின் ஜாகீரை அடையாளம் காட்ட வேண்டுமா?

வேடிக்கை ஒன்றும் உண்டு. சிறுசேரியில் நொடிக்குக் கோடிக் கணக்குகள் பறக்கின்றன. அதே தமிழகத்தில், வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்களில் அலைவரிசைக்காகப் பாறைமேல் ஏறி நிற்கும் மாணவன் உண்டு. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டம் தீட்டப்பட்டது, நல்ல திட்டம். அந்தக் கம்பி கல்வராயன் மலையின் கடைசிக் குடியிருப்பிலும் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தொட்டால்தான் வளர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

எனவே நாம் கேட்பது இவை.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு மையமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் செலவிட்டது என்பதை மக்கள் படிக்கும்படி, தமிழில் வெளியிட வேண்டும். வணிக இரகசியம் என்ற சாக்குக்கு இடம் இல்லை.

இரண்டாவது, தண்ணீர். குடிநீரில் ஒரு சொட்டும் கூடாது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர். அத்தகைய நீரே போதும்.

மூன்றாவது, மின்சாரம். முழுக் கட்டணம், ஈட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. புதிய மையம் வேண்டுமானால் அதற்கு வேண்டிய காற்று மின்சாரமோ சூரிய மின்சாரமோ புதிதாக உண்டாக்கிக் கொண்டு வரட்டும். பற்றாக்குறை வந்தால் மருத்துவமனை, வீடு, பம்புசெட்டு ஆகியவற்றுக்கே முதலிடம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

நான்காவது, வேலை. சலுகையை முதலீட்டின் அளவைப் பார்த்துத் தராதீர்கள். நிரந்தர வேலையின் அளவைப் பார்த்துத் தாருங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் இடமும் வேண்டும். காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சட்டப்படிக் கூலியும் வைப்பு நிதியும் வேண்டும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. மக்களின் அரசு ஆவணங்களுக்கு வேறு வேறு ஊர்களில் நகல் வேண்டும். தரவுப் பாதுகாப்பில் மாநிலத்துக்குப் பங்கு வேண்டும்.

ஆறாவது, தென்மாநிலங்கள் தமக்குள் பேசி ஓர் எல்லைக்கோடு வகுக்க வேண்டும். சென்னை ஒன்று தந்தால் விசாகப்பட்டினம் இரண்டு தருகிறது, ஐதராபாத் மூன்று தருகிறது என்று அண்ணன் தம்பிகள் ஏலத்தில் மோதிக்கொண்டால், சிரிப்பவன் ஏலம் எடுப்பவனே.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. சிங்கப்பூர் செய்தது, ஜொகூர் செய்தது, அயர்லாந்து காலம் கடந்தேனும் செய்தது. நாம் கேட்டால் நடக்கும், கேட்காவிட்டால் நடக்காது.

சங்கராபுரத்துத் தோழர்களே! உங்கள் வேலை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். மே 1 உழைப்பாளர் நாள். அந்த இரண்டு நாட்களுக்கும் பொருத்தமான பொருள் இது. தேநீர்க் கடையிலும் களத்துமேட்டிலும் படிப்பகத்திலும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். “100 மெகாவாட் என்றால் எத்தனை பம்புசெட்டு?” என்று கேளுங்கள். “எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இழைக்கம்பி எப்போது?” என்று தீர்மானம் போடுங்கள். வாக்குக் கேட்டு வருவோர் எவராயினும், இந்தக் கேள்விகளுக்கு விடை கூறிவிட்டு வாக்குக் கேட்கட்டும்.

கல்வராயன் மலைமேல் திரளும் மேகத்துக்குக் கட்டளையிட நம்மால் முடியாது. சிறுசேரியில் நிற்கும் மேகத்துக்கோ நிலம் நம்முடையது, நீர் நம்முடையது, மின்சாரம் நம்முடையது. அதற்குக் கட்டளையிட நம்மால் முடியும். கட்டளையிடுவோம்!